தமயந்தியின் இருபது கட்டைகள்

ஜனவரி 6, ஞாயிறு

எஸ்டேட் கைமாறி மூன்று மாதம் ஆகிறது. வாங்கியவர்கள் காப்பித் தோட்டத்துக்கு நடுவில் விடுதி கட்டுகிறார்கள். அவர்களுக்கு ரைட்டர் தேவையில்லை. இருபத்திரண்டு வருஷம் தினமும் மழையளவும் ஆள்வரவும் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த நோட்டு.

இன்றைய விசேஷம்: தமயந்தி மகளிர் குழுவோடு சேர்ந்து காளான் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 10

பயிற்சி மையத்திலிருந்து ஐந்து மணி பஸ்ஸில் வந்தாள். அவரைக்காய் ஆய்ந்துகொண்டே பேசினாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"வைக்கோல்ல இல்லங்க, மரக்கட்டையில வளர்ற காளான். ஜப்பான்காரங்க காளானாம், ஷிட்டாகேன்னு பேரு. நம்ம மலைக் குளுருக்கு வருமான்னு பாக்கறாங்க. பச்ச மரமா வெட்டி ரெண்டு வாரம் நெழல்ல ஆறப்போடணும்."

"காய்ந்த மரம்தான் நல்ல மரம்" என்றேன். மரம் பார்த்தே வயசானவன் நான்.

"அது வீடு கட்டறதுக்குங்க. காளானுக்குக் கட்டைக்குள்ள ஈரம் வேணும். வெட்டுன உடனே காளான் வித்து வெச்சா மரத்தோட உசுரு அதை எதுத்து நிக்குமாம். ரொம்ப நாள் போட்டு வெச்சா காட்டுப் பூஞ்சை முந்திக்குமாம். நடுவுல ஒரு பக்குவம் இருக்குன்னு பாடம் எடுக்கற இளஞ்செழியன் சார் சொன்னாரு."

அவரைக்காய் ஆய்ந்து முடிப்பதற்குள் இளஞ்செழியன் சார் அவள் பேச்சில் பதினோரு தடவை வந்துபோனார். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. பழக்கம்.

ஜனவரி 27, ஞாயிறு

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பலா மரத்தடியில் இருபது கட்டைகள். பத்து சில்வர் ஓக், பத்து பலா. ஒவ்வொன்றும் மூன்றடி நீளம், தொடைப் பருமன். குழுவில் இருக்கிற இருபது பெண்களுக்கும் இதே கணக்கு. எந்த மரம் இந்த மலைக்கு ஒத்துவரும் என்று ஒரு வருஷம் பார்த்து முடிவு செய்வார்களாம். தினப்படி பதிவேடு ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள்.

டிரில் மிஷின் பிடித்தது நான். ஒரு அங்குல ஆழத்தில் துளை, அரையடிக்கு ஒன்று. அடுத்த வரிசைத் துளைகள் முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக வரவேண்டும். தமயந்தி துளைகளில் வித்தை அடைத்தாள். வித்து என்றால் விதை இல்லை. காளானின் வெள்ளை இழை படர்ந்த மரத்தூள், பார்க்கப் புளித்த மாவு மாதிரி இருக்கிறது. அதன்மேல் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி உருக்கிய மெழுகைத் தூரிகையால் தடவி மூடினாள். மூடாவிட்டால் வித்து காய்ந்துவிடும், வேறு பூஞ்சையும் நுழைந்துவிடும்.

மத்தியானம் இளஞ்செழியன் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். சுத்தமான செருப்பு.

"அக்கா கை நிதானமான கை. பாருங்க, பட்டையில ஒரு கீறல் இல்ல. பட்டை போச்சுன்னா கட்டை போச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க மிஷினைக் கொஞ்சம் நேராப் பிடிங்க."

நேராகத்தான் பிடித்திருந்தேன்.

மிச்சம் கொஞ்சம் வித்து இருந்தது. போன வருஷம் கவாத்து செய்து வெட்டிப் போட்ட சில்வர் ஓக் கிளைகளில் பத்தை எடுத்து நானும் அடைத்து வைத்திருக்கிறேன், கிணற்றடியில். நன்றாகக் காய்ந்த, உறுதியான மரம். யாருக்கும் போட்டியாக இல்லை. ஒரு சோதனை.

பிப்ரவரி 17

வாரம் இரண்டு முறை தண்ணீர் தெளிக்கிறாள். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே பச்சை நிழல்வலை கட்டியிருக்கிறாள். பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. உள்ளே இழை ஓடிக்கொண்டிருக்கிறதாம். பத்து மாதம் ஓடிய பிறகுதான் காளான் வெளியே தலைகாட்டுமாம்.

சாயங்காலம் அவள் கட்டைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றின் மேல் காதை வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "சும்மாங்க" என்று சிரித்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

தமயந்தியின் கட்டைகளில் வெட்டு முனைகள் வெளுத்திருக்கின்றன. பலாவில் சந்தனம் பூசிய மாதிரி. சில்வர் ஓக்கில் இன்னும் தெளிவாக. வெள்ளை ஓடிவிட்டது என்று குழுப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். இளஞ்செழியன் வெளியூரிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவந்து காட்டினார். எட்டுப் பேரும் என் நாற்காலிகளில் உட்கார்ந்து என் வீட்டில் காப்பி குடித்தார்கள். அதில் ஒருவர் என்னிடம், "நீங்க தமயந்தி அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

என்னுடைய பத்திலும் ஏதோ முளைத்திருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில், தோல்மாதிரி, விசிறி விசிறியாக. தமயந்தி பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இது காட்டுப் பூஞ்சைங்க. கட்டை முன்னாடியே அதுக்குச் சொந்தமாயிருச்சு. நம்ம வித்துக்கு எடமில்ல."

எடுத்துப்போய் விறகோடு போட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை. தேற்றினாள்.

மார்ச் 21

டீக்கடையில் புதிதாக வந்த மாஸ்டர் யாரோ ஒருவரிடம் என்னைக் காட்டி, "காளான் அக்கா வீட்டுக்காரர்" என்றான். இந்த ஊரில் எனக்குப் பெயர் ரைட்டர். அவளுக்குப் பெயர் ரைட்டர் வீட்டம்மா. அவனுக்குத் தெரியாது, புது ஆள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்பு. கோடை மழை இன்னும் வரவில்லை. திருப்பூரிலிருந்து மகள் பூங்கோதை போன் செய்தாள். அம்மாவோடு இருபது நிமிஷம் கட்டைகளைப் பற்றிப் பேசினாள். பிறகு என்னிடம், "அப்பா, அம்மாவுக்கு ஒத்தாசையா இருங்கப்பா" என்றாள்.

இல்லாமல் என்ன?

ஏப்ரல் 19

தமயந்தியைக் கோயம்புத்தூருக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நாள் பயிற்சி. முடித்து வந்தால் சுற்றுவட்ட மலைக் கிராமங்களுக்கெல்லாம் இவள்தான் சொல்லிக்கொடுப்பாளாம். இருபது பேரில் ஒருத்தி.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் என்னையும் ஒரு பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தது. எஸ்டேட் துரை கடைசியில் அவர் மச்சானை அனுப்பினார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

"ஒண்ணும் பெரிய வேலை இல்லங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். "வாரம் ரெண்டு தடவ தண்ணி தெளிங்க. வெயில் இப்படி அடிக்கிறதால முடிஞ்சா மூணு தடவ. பதிவேட்டுல தேதி போட்டு எழுதிருங்க. வலையை மட்டும் தொடாதீங்க. கட்டை காஞ்சா உள்ள ஓடுற இழை செத்துரும், திரும்ப வராது."

எனக்குப் பதிவேடு எழுதச் சொல்லித்தருகிறாள்.

ஏப்ரல் 22

காலை ஏழு மணி பஸ்ஸில் வழியனுப்பினேன். ஆரோக்கியமேரியும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களோடு பேசிக்கொண்டே இருந்தாள். பஸ் கிளம்பியபோது நான் கையசைத்ததை அவள் பார்க்கவில்லை.

ஏப்ரல் 23

கட்டைகளுக்குத் தண்ணீர் விட்டேன். இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம்.

ஏப்ரல் 24

நிழல்வலையை அவிழ்த்து மடித்துக் கொட்டகையில் வைத்தேன். பலத்த காற்று அடித்தால் கிழிந்துவிடும். பயிற்சி மையம் கொடுத்த வலை, பொதுச்சொத்து. ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 27

தொட்டியில் தண்ணீர் குறைவு. மிளகுக் கொடிகளுக்கு விட்டேன். காட்டில் விழுந்து கிடக்கிற மரத்துக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள்? பதிவேட்டில் "தண்ணீர் தெளிக்கப்பட்டது" என்று எழுதினேன். கட்டம் காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

ஏப்ரல் 29

போன் செய்தாள். இன்று நாற்பது பேருக்கு முன்னால் மைக்கில் பேசினாளாம். முதலில் பயமாக இருந்ததாம், பிறகு சரியாகிவிட்டதாம். "கட்டைங்க எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் எப்படி இருக்கிறேன் என்று அதற்கு அப்புறம்தான் கேட்டாள்.

இரண்டுக்கும் "நல்லாருக்கு" என்றேன்.

மே 1

வெயில்.

மே 3

காற்றுப் பயம் தீர்ந்தது. காலையில் வலையை மறுபடி கட்டினேன். தண்ணீரும் விட்டேன், நிறைய. நாளை வருகிறாள்.

மே 5, ஞாயிறு

நேற்று வந்து பையைக்கூட உள்ளே வைக்காமல் பின்கட்டுக்குப் போனாள். ஒவ்வொரு கட்டையின் முனையையும் விரலால் தடவினாள். முனைகளில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. சில்வர் ஓக் பட்டையைத் தட்டினால் கலகலவென்று தனியாகச் சத்தம் கேட்கிறது. வெள்ளையெல்லாம் பழுப்பாகியிருந்தது.

"வலை இருந்துச்சுல்லங்க?"

"இப்பவும் இருக்கே, பாரு."

"தண்ணி?"

"பதிவேட்டைப் பாரு."

பார்த்தாள். என் கையெழுத்து அழகான கையெழுத்து. அதை இந்த மலையில் யாரும் மறுத்ததில்லை.

"இந்த வருஷ வெயில் அப்படி" என்றேன்.

மே 28

இருபது நாளாகக் காலையும் மாலையும் ஈரச்சாக்கு போர்த்துகிறாள். பத்து சில்வர் ஓக்கும் பட்டை உரிந்து, துளைகளைச் சுற்றிப் பச்சைப் பூசணம். பலாவில் ஐந்து போய்விட்டது. மிச்சம் ஐந்துக்குத் தடித்த பட்டை. பிழைக்குமா என்று தெரியவில்லை.

ஆரோக்கியமேரி வீட்டுக் கட்டைகள் இருபதும் வெளுத்து நிற்கின்றன. அதே வெயில்தான். தமயந்தி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜூன் 12, புதன்

பயிற்சி மையத்தில் கூட்டம். பதிவேடுகளை ஒப்படைக்க வேண்டும். பை கனமாக இருக்கும் என்று நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்; ஜன்னல் திறந்திருந்தது.

இளஞ்செழியன் குரல்: "மத்த பத்தொம்பது பேர் கட்டையும் நல்லா இருக்கே அக்கா. உங்களுது மட்டும் எப்படி? பதிவேட்டுல தண்ணி ஒழுங்காத்தான் விட்டிருக்கு."

பிறகு தமயந்தி: "எந் தப்புதான் சார். மெழுகு சூடு பத்தாம பூசியிருப்போம் போல. அதான் வித்து காஞ்சிருக்கும். வேற காரணம் எனக்குத் தெரியல."

யாரோ ஒரு பெண், "கோயம்புத்தூர் போய்ப் படிச்சுட்டு வந்தவங்களே இப்படின்னா" என்றாள். சிரிப்பு கேட்டது. பெரிய சிரிப்பு இல்லை. மெழுகு பூசியது ஆரோக்கியமேரி. தமயந்தி அவள் பெயரைச் சொல்லவில்லை.

கிராமங்களுக்குப் போய்ச் சொல்லித்தரும் பொறுப்பை ஆரோக்கியமேரிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 13

தமயந்தி இன்று முழுக்க வீட்டில் இருந்தாள். காலையில் காப்பி சூடாக வந்தது. மத்தியானம் எனக்குப் பிடித்த சுண்டைக்காய்க் குழம்பு. டீக்கடையில் யாரும் காளான் பேச்சை எடுக்கவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

ஜூன் 25

பின்கட்டில் அடுப்பு மூட்டி மெழுகு உருக்குகிறாள். விறகுக் கட்டையில் துளை போட்டு, கொஞ்சம் சூடாக ஒன்று, ரொம்பச் சூடாக ஒன்று என்று பூசி, மறுநாள் நகத்தால் பெயர்த்துப் பார்க்கிறாள். கையடக்க நோட்டில் எழுதி வைக்கிறாள். பதினெட்டு துளைகள். நேற்று பதினாலு.

"விட்டுத் தொலையேன்" என்றேன்.

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியாம எப்படிங்க விடறது? தெரியாமயே விட்டா, அடுத்ததுலயும் அதையேதான் பண்ணுவேன்."

ஜூலை 9, செவ்வாய்

எழுதித்தான் ஆகவேண்டும்.

மத்தியானம் தமயந்தி கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கொதித்த மெழுகு வலது கையில், மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை. கையைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மெழுகு தோலோடு இறுகிப்போய்க் கிடந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னது: "பாத்தீங்களா, இந்தச் சூட்டுல நல்லா ஒட்டுது. அன்னிக்கு இவ்வளவு சூடு வெச்சிருக்க மாட்டோம். இதான் தப்பு."

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில். கண்ணீரோடு சந்தோஷம்.

நான் சொன்னேன். "மெழுகு இல்ல தமயந்தி. வலையை நான் எடுத்தேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். தண்ணீர் விடாததையும், பதிவேட்டில் பொய் எழுதியதையும் சொன்னேன். காற்று என்று சொல்ல வாயெடுத்தேன். காற்று அடிக்கவில்லை. அதனால் அதைச் சொல்லவில்லை.

கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். என் பிடியிலிருந்தும்.

"எத்தன நாள்?"

"ஒம்பது."

"தண்ணி?"

"முதல் நாள் விட்டேன். அப்புறம் கடைசி நாள்தான்."

இடது கையால் அந்தச் சின்ன நோட்டை எடுத்து, கோணல் எழுத்தில், ஒன்பது நாள் வலை இல்லை, தண்ணீர் இல்லை என்று எழுதினாள். அவ்வளவுதான். திட்டவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஜூலை 11

உயிரோடு இருக்கிற ஐந்து பலாக் கட்டைகளையும் ஆரோக்கியமேரி வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். நான் தூக்கப் போனபோது, "வேணாங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

இளஞ்செழியனிடம் போனில் பேசினாள். வலை ஒன்பது நாள் இல்லாமல் போய்விட்டது, பதிவேடு தவறு என்றாள். எப்போது, யார் எடுத்தது என்று சொல்லவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால், "வீட்டுல நடந்தது சார், என் பொறுப்புதான்" என்றாள்.

ஊரில் இப்போது அவள் மறதிக்காரி. அதோடு பதிவேட்டில் பொய் எழுதியவள்.

ஆகஸ்ட் 18

மழை. சமைக்கிறாள், பரிமாறுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கையில் தழும்பு விழுந்துவிட்டது.

அக்டோபர் 2

நான்தான் செய்தேன் என்று எல்லாரிடமும் போய்ச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை கிளம்பினேன். ஒருதடவை பஸ் நிறுத்தம் வரை போனேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். கட்டைகளை ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, தூக்கி நிறுத்தி வைத்தார்களாம். ஐந்தாம் நாள் பட்டையைப் பிளந்துகொண்டு மொட்டுகள். ஆரோக்கியமேரி கட்டைகளில் கொத்துக்கொத்தாக. தமயந்தியின் ஐந்து கட்டைகளில் மூன்று பூத்திருக்கிறது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பழுப்புக் குடைகள், வெள்ளை வெடிப்போடு. தமயந்தி அவற்றின் முன்னால் நின்று ஏதோ சொல்ல, பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளஞ்செழியனும் இருந்தார். "ஒம்பது நாள் காய்ஞ்சும் பலா தாங்கியிருக்கு பாருங்க. இதுவே ஒரு பாடம்" என்றார். அவள் தலையாட்டினாள்.

எனக்குள் அந்தப் பழைய நோவு எழுந்தது. இத்தனைக்கும் பிறகும். அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

2020, ஜனவரி 17

ஆரோக்கியமேரி, மைக்கில் பேசத் தன்னால் ஆகாது, தமயந்தி வந்தால்தான் போவேன் என்று மையத்தில் சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மலைக் கிராமம் மேலூருக்குப் போகிறார்கள். முதல் வகுப்பு.

சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே தமயந்தி கேட்டாள்: "டிரில் மிஷின் பிடிக்க ஆள் வேணும். என் கையில அழுத்திப் பிடிக்க முடியல. வர்றீங்களா?"

ஜனவரி 19, ஞாயிறு

மேலூர் சமுதாயக்கூடம். முப்பது பெண்கள், பாயில். முன்னால் வெட்டி ஆறப்போட்ட பலாக் கட்டைகள். இளஞ்செழியன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மிஷினோடு ஓரமாக நின்றேன்.

தமயந்தி பேசினாள். மரம் தேர்ந்தெடுப்பது, பட்டையைக் காப்பது, வித்து என்றால் என்ன, இழை எப்படி ஓடும், எல்லாம் சொன்னாள். நான் அறிந்த தமயந்தி இவ்வளவு சத்தமாகப் பேச மாட்டாள். பிறகு நிழலுக்கு வந்தாள்.

"வெயில் பட்டா கட்டை வெடிச்சிரும். என் கட்டைங்க சித்திரையில ஒம்பது நாள் வலை இல்லாம, தண்ணி இல்லாமக் கெடந்துச்சு. இருபதுல பதினஞ்சு செத்துப்போச்சு."

முன்வரிசையில் ஒரு வயசான அம்மா, வெற்றிலை வாயோடு, "ஒம்பது நாளா மறந்துபோன?" என்று கேட்டார். பின்னால் சிரித்தார்கள். ஜூன் மாதம் ஜன்னல் வழியாக வந்த அதே மாதிரியான சிரிப்பு. தமயந்தி, "ஆமாம்மா, அசந்து..." என்று ஆரம்பித்தாள்.

"அவ ஊர்ல இல்ல" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கோயம்புத்தூர்ல படிச்சிட்டிருந்தா. வலையை அவுத்தது நான்தான். தண்ணி விட்டதா பொய் எழுதினதும் நான்தான்."

ஆரோக்கியமேரி என்னைப் பார்த்தாள். இளஞ்செழியன் தலை குனிந்துகொண்டார். அந்த அம்மா மட்டும் விடவில்லை.

"ஏன்யா அப்படிப் பண்ண?"

அந்தக் கேள்வியை யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. தமயந்தி கேட்கவில்லை. இந்த நோட்டில் நானும் கேட்டுக்கொள்ளவில்லை. காற்று, தண்ணீர்த் தட்டுப்பாடு, பொதுச்சொத்து எல்லாம் வரிசையாக நாக்கு வரை வந்தன.

"பொறாமைம்மா" என்றேன். "எனக்கு வேலை போயிருச்சு. இவளுக்கு எல்லாம் நல்லா வந்துச்சு. பொறுக்கல."

அந்த அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நல்லவேளை, வாய் தொறந்து சொன்னியே. எங்க வீட்டாளு சாகற வரைக்கும் சொல்லல" என்றார். அப்புறம் தமயந்தியைப் பார்த்து, "நீ சொல்லு தாயி, மேல சொல்லு."

தமயந்தி கட்டையைப் பார்த்தாள். தழும்பு விழுந்த கையால் முந்தானையை இழுத்துச் செருகினாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்தது துளை போடறது" என்றாள். "மிஷினைப் போடுங்க. ஒரு அங்குலத்துக்கு மேல போகக் கூடாது."

போட்டேன். நேராகப் பிடித்திருக்கிறேனா என்று அவளையே கேட்டேன்.